இயல்புநிலைக்கு ஒன்மோர்

நாட்டில் இயல்புநிலை கெட்டுப்போனால் அதை மீட்டுக் கொண்டுவர அரசாங்கத்துக்கு முதலில் ஓர் அலுவலகம் வேண்டியிருக்கிறது. இடஒதுக்கீடு கேட்டு சனங்கள் ரோட்டில் இறங்கிய அந்தப் புரட்டாசியில் கள்ளக்குறிச்சிப் பக்கமும் அப்படி ஒன்றைத் திறந்தார்கள். இயல்புநிலை மீட்புத் தனி அலுவலகம் என்று பெயர். அதற்கு ஒரு தனி அலுவலர், ஒரு சப்-இன்ஸ்பெக்டர், கொஞ்சம் போலீஸ்காரர்கள், ஒரு ஜீப்பு, ஒரு வயர்லெஸ் பெட்டி. திறந்த மறுநாளே அலுவலகத்தின் வாசலுக்கு நேராக ரோட்டின் குறுக்கே ஒரு புளியமரம் வெட்டுப்பட்டுக் கிடந்தது. சமவெளியில் எந்தப் பக்கம் போனாலும் அதே கதைதான். எங்கேயோ சுட்டுவிட்டார்கள் என்றார்கள். எத்தனை பேர் என்று கேட்டால் சொல்ல ஆளில்லை.

தனி அலுவலர் சக்கரவர்த்தி உட்கார்ந்து யோசித்தார். இயல்புநிலை இருக்கிற இடத்தில்தானே இயல்புநிலை அலுவலகம் இருக்க முடியும்? அலுவலகத்தை அப்படியே ஜீப்பில் ஏற்றிக்கொண்டு கல்வராயன் மலைக்கு வந்துவிட்டார். அவர் ஏறி வந்த கையோடு மலைக்கு வரும் கச்சிராயபாளையத்துப் பாதையும் அடைபட்டுப் போனது. இனி அவரால் இறங்கவும் முடியாது. அதை மட்டும் அவர் மேலிடத்துக்குச் சொல்லவில்லை. மலையில் பூரண அமைதி நிலவுகிறது என்று தினமும் காலையில் வயர்லெஸ்ஸில் சொன்னார். அதில் பொய் ஒன்றும் இல்லை. டாக்டரும் வாத்தியாரும் வந்து சேராத இடத்துக்குக் கலவரம் மட்டும் எந்த பஸ்ஸைப் பிடித்து வரும்?

இப்படி ஓர் அலுவலகம் மலையில் இருப்பது சினிமா டைரக்டர் அறிவுச்செல்வனுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அன்று காலை அவர் இருசப்பனின் கையில் கோடாலியைக் கொடுத்திருக்க மாட்டார்.

அறிவுச்செல்வன் திருக்கோவிலூர்க்காரர். கம்பெனி இல்லாமல், பெரிய நடிகர் இல்லாமல், பாட்டு இல்லாமல் ஒரு படம் எடுத்துக்கொண்டிருந்தார். கதையும் சிறிசுதான். ஒரு மலைக் குடும்பம், அவர்கள் வீட்டு வாசலில் ஒரு கடுக்காய் மரம். எசமான் சொன்னான் என்பதற்காகப் புருஷனே அதை வெட்டிச் சாய்க்கிறான். பெண்டாட்டி அந்த மரத்தைத் தாண்டி அவனை விட்டுப் போய்விடுகிறாள். நடித்தவர்களும் நிஜமான புருஷன் பெண்டாட்டிதான், அந்த ஊர் இருசப்பனும் பச்சையம்மாளும். எல்லாம் எடுத்தாயிற்று, அந்தக் கடைசிக் காட்சி ஒன்றுதான் பாக்கி. ஃபிலிமும் கடைசி டின் ஒன்றுதான் பாக்கி.

மரத்தை வெட்ட அவருக்கு மனசு வரவில்லை. காற்றில் தானாக விழுந்த ஒரு கடுக்காய் மரத்தைத் தேடிப் பிடித்து, ஊர்க்காரர்களை வைத்து இழுத்து வந்து, வெளிச்சம் நன்றாக விழுகிற இடமாகப் பார்த்துப் போட்டார். வெளிச்சம் நன்றாக விழுகிற இடம் ரோடாக இருந்தது. சினிமாக்காரன் மூளை வெளிச்சத்தைப் பார்க்கும், ரோட்டைப் பார்க்காது.

ஜீப்பு வந்து நின்றபோது இருசப்பன் மரத்தின் மேல் ஒரு காலை வைத்து, தோளில் கோடாலியோடு, டைரக்டர் சொன்னபடி முகத்தைக் கோபமாக வைத்துக்கொண்டு நின்றான்.

சப்-இன்ஸ்பெக்டர் ராஜாங்கம் ஜீப்பிலிருந்து குதித்தார். ஒரு வாரமாக மரத்தைப் பார்த்துப் பார்த்து மரம் வெட்டிய ஒருவனைக்கூடப் பார்க்காத மனுஷர் அவர். ஓடி வந்து இருசப்பனின் பிடரியில் கை வைத்தார்.

"ரோட்ல மரம். கையில கோடாலி. மூஞ்சில கோவம். இன்னும் இன்னாய்யா வேணும்?"

"சார், சார், இது சினிமாங்க," என்றார் அறிவுச்செல்வன்.

"மரத்த வெட்டிட்டு அதப் படம் வேற புடிக்கிறீங்களா?"

"வெட்டலிங்க சார். தானா வுழுந்த மரம். இப்பவே இழுத்து ஓரமாப் போட்டுடறோங்க."

"தொடாத! அது சாட்சி."

"வழி வுட்டா ஜீப்பு போவுமேன்னுதாங்க..."

"ஜீப்பு போவ முடியாததால தான்யா இது மறியல். ஓரமாப் போட்டுட்டா மறியலே இல்லாமப் பூடும். அப்பறம் இவன இன்னாத்துக்குப் புடிச்சேன்னு கேட்டா நான் இன்னா சொல்றது?"

இருசப்பனுக்கு விலங்கு மாட்டி ஜீப்பின் பின்பக்கம் ஏற்றினார்கள். டைரக்டர் ஏதாவது சொல்லுவார் என்று அவன் அவரையே பார்த்தான். அறிவுச்செல்வன் பார்வையை மரத்தின் பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் பிறவியிலேயே பயந்தவர். கண்டக்டரிடம் பாக்கிச் சில்லறை கேட்கப் பயந்து நடந்தே வீட்டுக்குப் போனவர். இந்தப் படத்தையும் பயந்துகொண்டேதான் எடுத்தார். கடலூர் ஜெயில் நிரம்பி வழிகிறது, உள்ளே போனவன் எங்கே இருக்கிறான் என்று வீட்டுக்காரர்களுக்கே தெரியவில்லை என்று கேள்விப்பட்டிருந்தார்.

ஊர்ப் பக்கமிருந்து பச்சையம்மாள் ஓடி வந்தாள். ஜீப்பைப் பார்த்தாள், புருஷன் கையைப் பார்த்தாள். போலீசிடம் போகவில்லை. நேரே டைரக்டரிடம் வந்தாள்.

"கோடாலிய நீதான குடுத்த?"

அறிவுச்செல்வன் தலையை ஆட்டினார்.

"அப்ப நீதான் இட்டாந்து வுடணும்."

ஜீப்பின் முன் சீட்டிலிருந்து அப்போதுதான் சக்கரவர்த்தி இறங்கினார். தோய்த்து மடித்த வெள்ளைச் சட்டை. அவர் வாயைத் திறந்தாலே அறிக்கை வாசிப்பது போலத்தான் இருக்கும். வீட்டில் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாலும் 'பரிசீலனையில் உள்ளது' என்பாராம்.

"டைரக்டர் அவர்களே, பதற்றம் வேண்டாம். மலையில் ஒருவர்கூடக் கைது செய்யப்படவில்லை என்று இன்று காலையே மேலிடத்துக்குத் தெரிவித்துவிட்டேன். ஆகவே இவன் கைது செய்யப்படவில்லை."

"விலங்கு மாட்டியிருக்காங்களே சார்."

"ஜீப்பில் உட்கார வைக்கப்பட்டிருக்கிறான். மலைப்பாதை. விழுந்துவிடாமல் இருக்க விலங்கு."

அறிவுச்செல்வன் ஓரடி முன்னால் வந்தார். "கைது இல்லன்னா, இப்பவே வுட்டுடலாங்களே சார்?"

சக்கரவர்த்தி அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "கைதே செய்யப்படாத ஒருவனை விடுதலை செய்ய எனக்கு அதிகாரம் ஏது?"

இதற்கு மேல் என்ன கேட்பது என்று அறிவுச்செல்வனுக்குத் தெரியவில்லை. உலகத்தில் யாருக்கும் தெரியாது. அந்த நேரம் பார்த்து வயர்லெஸ் கரகரத்தது. மேலிடம் பேசியது. மலையில் அமைதி, மலையில் அமைதி என்று தினமும் சொல்கிறீர்களே, அதற்கு ஆதாரம் எங்கே?

சக்கரவர்த்திக்கு வியர்த்துவிட்டது. அந்த மனுஷருக்கும் பயம் இருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. அவருடைய பயம் வயர்லெஸ் வழியாக மேலே போனது, அவ்வளவுதான் வித்தியாசம். கர்ச்சீப்பால் முகத்தைத் துடைத்தவரின் பார்வை முக்காலி மேல் நின்ற கேமராவில் போய் விழுந்தது. கேமராவுக்குப் பின்னால் கேமராமேன் காசிநாதன், சூடுபட்ட பூனை மாதிரி ஒடுங்கி நின்றுகொண்டிருந்தார்.

"இது ஓடுமா?"

"ஓடுங்க."

"நல்லது. இயல்புநிலையைப் படம் எடுத்துக் கொடுங்கள். இவன் விஷயத்தைக் கருணையோடு பார்ப்போம். மறுத்தால், மரத்தை ரோட்டில் போடச் சொன்னது யார், கோடாலி யாருடையது என்றெல்லாம் நாங்கள் விசாரிக்க வேண்டியிருக்கும்."

அறிவுச்செல்வன் மறுக்கவில்லை. மறுக்கிற உறுப்பே அவருக்கு அந்த நேரம் வேலை செய்யவில்லை.

மரம் சாட்சி என்பதால் அதை நகர்த்தக் கூடாது. படத்தில் மரம் தெரியவும் கூடாது. ஆகவே கேமராவை அரைவட்டம் திருப்பினார்கள். மரத்துக்கு முதுகைக் காட்டியதும் ரோடு சுத்தமாகத் தெரிந்தது. கொஞ்சம் மேலே போய் ஒரு வளைவு, வளைவுக்கு அப்புறம் காடு. "பாருங்கள், எவ்வளவு எளிது!" என்றார் சக்கரவர்த்தி. பஸ் வருகிறது, பொதுமக்கள் மகிழ்ச்சியோடு கைகாட்டுகிறார்கள் என்பதுதான் காட்சி. கீழே ரோடெல்லாம் மரம் கிடக்கையில் பஸ் எப்படி வரும் என்று காசிநாதன் மெல்லக் கேட்டார். "பஸ்ஸைக் காட்ட வேண்டாம். பஸ்ஸைப் பார்க்கிறவர்களைக் காட்டினால் போதும்," என்றார் சக்கரவர்த்தி. சினிமாவை முறையாகப் படித்தவருக்குக்கூட இது தோன்றியிருக்காது.

அடுத்து பொதுமக்கள் தேவைப்பட்டார்கள். ஜீப்பைப் பார்த்ததும் அவர்கள் காட்டுக்குள் ஓடிவிட்டிருந்தார்கள். போலீஸ்காரர்கள் போய் லத்தியால் புதரைத் தட்டித் தட்டி அழைத்து வந்தார்கள். வரிசையாக நிறுத்தினார்கள்.

"எல்லாரும் இயல்பா இருக்கணும்!" என்று கத்தினார் ராஜாங்கம். லத்தி அவர் கக்கத்தில் இருந்தது.

சனங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். முன்வரிசையில் நின்ற ஒருத்தர் கேட்டார்: "இயல்புன்னா எப்படிங்க சாமி?"

"தினமும் எப்டி இருப்பியோ அப்டி இருய்யா."

அவர்கள் கூடிப் பேசினார்கள். ரெண்டு பேர் போய் ஒரு மூங்கிலும் புடவையும் கொண்டுவந்தார்கள். புடவையைத் தூளியாகக் கட்டி, அதில் ஒரு பெண்ணை உட்கார வைத்து, மூங்கிலைத் தோளில் ஏற்றிக்கொண்டு ரோட்டில் நடக்க ஆரம்பித்தார்கள்.

"இது என்ன?" என்று பதறினார் சக்கரவர்த்தி.

"ஆஸ்பத்திரிக்குப் போறோங்க. தினம் இப்பிடித்தாங்க போறது."

"இது இயல்புநிலை அல்ல, இது புகார்! புகாருக்கு வேறு அலுவலகம் இருக்கிறது. இறக்குங்கள்!"

கடைசியில் பொதுமக்களை வைத்து இயல்புநிலையை எடுப்பது ஆகாத காரியம் என்று தெரிந்தது. அவர்களுக்கு அதில் பழக்கம் இல்லை. பாதிப் பேரைப் பின்னால் தள்ளிவிட்டு, போலீஸ்காரர்களையே மப்டியில் பயணிகளாக நிறுத்தினார்கள். ராஜாங்கத்துக்குக் காசிநாதனின் கட்டம்போட்ட சட்டையும் ஒரு மஞ்சப்பையும் கொடுத்தார்கள். சட்டை பொத்தான் சேரவில்லை. நடுவில் சக்கரவர்த்தி. 'ஒரு மகிழ்ச்சியான மலைவாழ் குடும்பம்' வேண்டும் என்று பச்சையம்மாளையும் நிறுத்தி, பக்கத்தில் புருஷனாக ஒரு போலீஸ்காரரை நிற்கச் சொன்னார்கள்.

"இவுரு யாரு?" என்றாள் பச்சையம்மாள்.

"உன் வூட்டுக்காரர்மா. படத்துக்காக," என்றார் ராஜாங்கம்.

"என் வூட்டுக்காரரு ஜீப்புல கீறாரு."

அவளைச் சிரிக்க வைக்க முடியவில்லை. போலீஸ்காரரும் அவள் முகத்தைப் பார்த்துப் பார்த்துப் பயந்து தள்ளித் தள்ளி நின்றார். வேறு வழியில்லாமல் இருசப்பனையே இறக்கிக் கொண்டுவந்து அவள் பக்கத்தில் நிறுத்தி, விலங்கு தெரியாமல் மேலே ஒரு துண்டைப் போட்டு மூடினார்கள். பச்சையம்மாள் துண்டுக்கு மேலாக அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கட்னு சொல்ற வரைக்கும் யாரும் அசையக் கூடாதுங்க," என்று அறிவுச்செல்வன் பழக்க தோஷத்தில் சொன்னார்.

கேமரா ஓடியது. எல்லாரும் இல்லாத பஸ்ஸுக்குக் கைகாட்டினார்கள். பஸ்ஸுக்குக் கைகாட்டினால் போதும் என்று சொல்லியிருந்தும் சக்கரவர்த்தி சொற்பொழிவே ஆற்றினார். "அன்பார்ந்த மேலிடமே! இங்கே மக்கள் எதையும் கேட்பதில்லை. கேட்டுப் பழக்கமில்லாத நல்ல மக்கள். கேட்காத மக்களுக்குக் கொடுப்பதில் ஒரு சிரமமும் இல்லை என்பதால் எதுவும் கொடுக்கப்படவில்லை. இதைவிட இயல்பான நிலை தமிழகத்தில் எங்கும் இல்லை!" கேமராவில் குரல் பதிவாகாது என்று அவரிடம் சொல்ல அறிவுச்செல்வனுக்குத் தைரியம் வரவில்லை.

பாதியில் ஒரு போலீஸ்காரர் கொசுவை அடித்தார். 'கட்' ஆனதும் சக்கரவர்த்தி அவர் மேல் பாய்ந்தார். "கட் என்பது உத்தரவு! உத்தரவு வரும் முன் அசைந்தவர் மீது துறை நடவடிக்கை வரும்!" உத்தரவு என்று தெரிந்த பிறகு அந்தச் சொல்லின் மேல் அவருக்குத் தனி மரியாதை வந்துவிட்டது.

"அவ்வளவுதாங்களே சார்? இருசப்பன வுட்டுடலாங்களா?" என்றார் அறிவுச்செல்வன்.

"அவசரப்படாதீர்கள். படத்தைச் சென்னையில் கழுவி, மேலிடம் பார்த்து, திருப்தி தெரிவித்த பின் பரிசீலிக்கப்படும். அதுவரை ஜீப்பில் இருப்பான். ரோடு திறந்ததும் கடலூர்."

இருசப்பனை மறுபடி ஜீப்புக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். பச்சையம்மாள் கையை விடாமல் கூடவே போய், ஜீப்பின் பக்கத்தில் நின்றாள். அழவில்லை. அவள் அங்கிருந்தபடியே பார்த்த பார்வையை அறிவுச்செல்வனால் தாங்க முடியவில்லை. டின்னை எடுத்துக்கொண்டு எப்படியாவது நடந்தே சென்னை போய்விடலாம் என்று காசிநாதனிடம் வந்தார்.

காசிநாதனின் முகம் வெளுத்துப்போயிருந்தது. "சார், ஒண்ணு சொல்லணும். கோச்சிக்காதீங்க. ஃபிலிம் போடல."

"இன்னா?"

"சும்மாதான் ஓட்டினேன்."

சினிமாவில் இது வழக்கம். ஷூட்டிங் நடக்கிற ஊரில் பெரிய மனுஷர் யாராவது வந்து 'என்னையும் ஒரு ஷாட் எடு' என்று அடம் பிடித்தால், ஃபிலிம் இல்லாமல் கேமராவை ஓட்டி அனுப்பிவைப்பார்கள். அவருக்கும் சந்தோஷம், தயாரிப்பாளருக்கும் நஷ்டமில்லை. எத்தனையோ ஊரில் எத்தனையோ பேர் அந்தப் படங்கள் தியேட்டருக்கு வரும் என்று இன்னமும் காத்திருக்கிறார்கள்.

"கடைசி டின்னு சார். உங்க படத்துக்கு வேணுமேன்னு... மூக்கச் சொறிஞ்சிக் காட்டினேனே, நீங்க பாக்கல."

அறிவுச்செல்வன் பார்க்கவில்லைதான். அவர் அந்த நேரம் லத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இல்லாத படத்தைக் கழுவி, மேலிடம் பார்த்து, அப்புறம் இருசப்பன் வெளியே வருவதா? உண்மையைச் சொன்னால் மூன்று பேரும் ஜெயில். சொல்லாவிட்டால் இருசப்பன் மட்டும். அவர் பயந்தவர்தான். ஆனால் ஜீப்பின் பக்கத்தில் நின்றவளைத் திரும்பிப் பார்க்க அதைவிடப் பயமாக இருந்தது. எது பெரிய பயம் என்று அவர் நின்று யோசிக்கவில்லை. கால் தானாகப் போய்ச் சக்கரவர்த்தியின் முன்னால் நின்றது.

"சார். ஒன்மோர்."

"அப்படியென்றால்?"

"இன்னொரு தடவ எடுக்கணுங்க."

"என்னுடைய நடிப்பில் குறையா?"

"ஐயோ, உங்க மேல ஒரு கொறையும் இல்லிங்க சார். அவன் கைதான். துண்டுக்குள்ள பொடச்சிக்கினு தெரியுது. மேலிடம் அது இன்னான்னு கேட்டா..."

சக்கரவர்த்தி யோசித்தார். "கம்பளி போர்த்தலாமா?"

"இந்த வெயில்ல கம்பளியப் போத்திக்கினு ஒருத்தன் பஸ்ஸுக்கு நின்னா இயல்பா இருக்காதுங்க."

இயல்பு என்ற சொல் வேலை செய்தது. "விலங்கைக் கழற்றுங்கள்," என்றார் சக்கரவர்த்தி.

"ஓடிடுவான் சார்," என்றார் ராஜாங்கம்.

"கைது செய்யப்படாதவன் எப்படி ஐயா ஓட முடியும்? அவன் எங்கே போனாலும் நடந்து போகிறான் என்றுதானே பொருள்!"

ராஜாங்கம் சாவியை எடுத்தார். அறிவுச்செல்வனின் சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. அவர் காசிநாதனின் காதருகே குனிந்து, "டின்ன ஒட. நிஜமாப் போடு," என்றார். காசிநாதன் ஏதோ சொல்ல வாயெடுத்து, அவர் கண்ணைப் பார்த்துவிட்டுக் வெளிச்சம் புகாத கறுப்புப் பைக்குள் கையை விட்டு ஃபிலிமை மாட்ட ஆரம்பித்தார்.

பிறகு அறிவுச்செல்வன் ஆட்களை நிறுத்தினார். சக்கரவர்த்தி கேமராவுக்கு நேர் முன்னால். "உங்க முகம் பெரிசாத் தெரியணுங்க சார்." அவருக்குப் பக்கத்தில் மஞ்சப்பையோடு ராஜாங்கம். ரெண்டு பக்கமும் போலீஸ்காரர்கள். எல்லாருடைய கண்ணும் கேமராவைத் தாண்டி, பஸ் வருகிற திசையில். அவர்களுடைய முதுகுக்குப் பின்னால், தூரத்தில், ரோட்டோரமாக இருசப்பனையும் பச்சையம்மாளையும் நிறுத்தினார். நிறுத்திவிட்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னார்.

"நீங்க ரெண்டு பேரும் சந்தைக்குப் போய்ட்டு வூட்டுக்குப் போறீங்க. நான் சொன்னதும் மேல பாத்து நடக்கணும். வேகமா இல்ல, இயல்பா. நான் கட் சொல்ற வரைக்கும் நிக்கக் கூடாது. திரும்பிப் பாக்கவும் கூடாது."

"வளைவு வந்துட்டா?" என்றான் இருசப்பன்.

"வளைவு தாண்டியும் போவணும்."

"நீங்க கட் சொல்றது காதுல வுழலன்னா?"

அறிவுச்செல்வன் வளைவுக்கு அப்பால் இருந்த காட்டைப் பார்த்தார். "வுழலன்னா போய்க்கினே இருக்கணும்."

இருசப்பன் அவரை ஒரு தடவை நன்றாகப் பார்த்தான். பச்சையம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

அறிவுச்செல்வன் கேமராவுக்குப் பக்கத்தில் வந்து நின்று கையைத் தூக்கினார். எல்லாரும் சிரித்தார்கள். கேமரா ஓடியது. சக்கரவர்த்தி பல்லெல்லாம் தெரிய, கையை உயர்த்தி, வராத பஸ்ஸை வரவேற்றார். ராஜாங்கம் மஞ்சப்பையைத் தூக்கிக் காட்டினார். அவர்களுக்குப் பின்னால் ரெண்டு பேர் நடந்தார்கள். வேகமாக இல்லை. ஒருவர் கை ஒருவர் மேல் படாமல், சந்தைக்குப் போய் அலுத்து வருகிறவர்கள் மாதிரி நடந்தார்கள். வளைவு வந்தது. பச்சையம்மாளின் சேலைத் தலைப்புக் கொஞ்ச நேரம் தெரிந்தது. அப்புறம் ரோடு மட்டும் தெரிந்தது.

காசிநாதன் கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல் மூச்சை விட்டார். ஃபிலிம் தீர்ந்து கேமராவின் சத்தம் மாறியது. அவர் டைரக்டரை நிமிர்ந்து பார்த்தார்.

அறிவுச்செல்வன் 'கட்' சொல்லவில்லை. சக்கரவர்த்தியும் போலீஸ்காரர்களும் திரும்பிப் பார்க்கப் போகிற அந்த நொடியை நினைத்தார். தன் பெயர், ஊர், தெரு எல்லாம் இவர்களுக்குத் தெரியும் என்பதும் நினைவுக்கு வந்தது. அந்த ஒற்றைச் சொல்லைச் சொல்லிவிட்டால் எல்லாரும் கலைந்து திரும்புவார்கள். அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார். வெயில் நகர்ந்தது. ஒரு போலீஸ்காரரின் மூக்கில் ஈ உட்கார்ந்தது. துறை நடவடிக்கைக்குப் பயந்து அவர் அதை ஓட்டவில்லை. தூக்கிய கைகள் நடுங்க ஆரம்பித்தன. சிரிப்பு மட்டும் அப்படியே இருந்தது.

சக்கரவர்த்தி பல்லை மூடாமல், உதட்டை அசைக்காமல், தொண்டையிலிருந்து மெல்லக் கேட்டார்:

"டைரக்டர்... இன்னும் எவ்வளவு நேரம்?"

"கொஞ்சம் பொறுங்க சார்," என்றார் அறிவுச்செல்வன். "பஸ்ஸு இன்னும் வரலிங்களே."